"போதும், நான் போயிடறேன்": தீராத நோயில் இருப்பவர் இப்படிச் சொன்னால்?

புற்றுநோய் முற்றிய பாட்டியோ மாமாவோ "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், சீக்கிரம் போயிட்டா தேவலை" என்கிறார். உடனே நாம் என்ன சொல்வோம்? "சும்மா இருங்க, அப்படியெல்லாம் பேசக்கூடாது." பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ, கிள்ளான் தாமானோ, பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால், கேட்கவேண்டியதே அப்போதுதான்.

சாகப்போகிறவருக்குச் சோகம் இயல்புதானே?

சோகம் இயல்பு. மனச்சோர்வு அப்படியல்ல, அது நோய், சிகிச்சை உண்டு. 1995இல் கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவும் குழுவினரும் 200 இறுதிக்கட்ட நோயாளிகளிடம் பேசினார்கள். சாவு சீக்கிரம் வரட்டும் என்று எப்போதாவது நினைத்தவர்கள் 44.5 விழுக்காடு. அந்த எண்ணம் தீவிரமாக, விடாமல் இருந்தவர்கள் 8.5 விழுக்காடு மட்டுமே. இவர்களில் 10 பேரில் கிட்டத்தட்ட 6 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. மற்றவர்களில் 100 பேரில் 8 பேருக்குத்தான். வலியும் குடும்ப ஆதரவு குறைவதும்கூட இந்த எண்ணத்தோடு சேர்ந்தே இருந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு எல்லாம் நோயாலும் வரும். அதனால் மனதைக் கவனியுங்கள். பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லையா? "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிறாரா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமோ?

இல்லை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். பதிலைக் கேளுங்கள், உபதேசம் வேண்டாம். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மருந்துகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள்.

போலீஸ் பிரச்சினை வருமா?

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. பயமில்லாமல் உதவி கேளுங்கள்.

யாரிடம் போவது?

வலித்தணிப்புப் பராமரிப்பு கடைசி வாரத்துக்கு மட்டுமல்ல. நோய் கண்டறிந்ததிலிருந்தே கேட்கலாம். வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு மூன்றையும் அது சேர்த்தே கவனிக்கும். 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தள்ளிப்போடாதீர்கள்.

பராமரிக்கும் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றாலும் இந்த எண்கள் உங்களுக்கும்தான்:

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் (24 மணி நேரமும்): 03-7627 2929
சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை: 15555
உடனடி ஆபத்து என்றால்: 999