மாதவிடாய் நின்ற பின் இரத்த அழுத்தம்: மாத்திரையோடு நடையும் வேண்டும்

"பிரஷருக்குத்தான் மாத்திரை போடுகிறேனே, பிறகு ஏன் நடை?" என்று நம் அம்மாமார் பலர் கேட்பதுண்டு. காரணத்தை அறிந்துகொள்வோம்.

பெண்களுக்குப் பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோர்மோன் குறைகிறது. இரத்தக் குழாய்கள் நெகிழ்வாக இருக்க உதவிவந்தது அதுதான். அது குறையும்போது குழாய்கள் விறைப்படைகின்றன. வயிற்றுப் பகுதியில் கொழுப்பும் சேரத் தொடங்குகிறது.

இந்தக் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் கலக்கிறது. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். ஆனால் இது வெளியே தெரியாதது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இரத்தக் குழாயின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. கல்லீரல் உண்டாக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை இரத்தப் பரிசோதனையில் அளந்து, அழற்சியின் அளவை வைத்தியர்கள் கணிக்கிறார்கள்.

நடக்கும்போது நமது தசைகள் அழற்சியைத் தணிக்க உதவும் பொருட்களை வெளிவிடுகின்றன. தொடர்ந்து நடந்தால் வயிற்றுக் கொழுப்பும் குறையும். சி.ஆர்.பி. எல்லோருக்கும் ஒரேயளவாகக் குறைவதில்லை. எடையும் குறைந்தால் பலன் அதிகம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 5 முதல் 8 புள்ளிகள் வரை இறங்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை. நாளுக்கு 30 நிமிடமாக, வாரம் 5 நாட்கள் நடந்தாலே போதும். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே சரியான வேகம். நாள் முழுவதும் சமையலறையில் நிற்பது இதற்கு ஈடாகாது. பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் நடக்கலாம், நீந்தலாம்.

கவனிக்க வேண்டியவை:

- மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் பயிற்சி தொடங்காதீர்கள்.
- முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.
- நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி நீங்காவிட்டால் அவசர உதவியை அழையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதிலேயே அம்மாவின் பொழுது போய்விடுகிறது. தினமும் அரை மணி நேரம் அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒருவர் அவருடன் கூடவே நடந்து செல்லுங்கள்.