வீதியும் நீரும்: மண்ணிறுக்கத்தில் ஈரலிப்பின் பங்கு

மலைநாட்டில் வாழும் நமக்கு வீதியென்பது வெறும் வசதியன்று. நோயாளி காலத்தோடு மருத்துவமனையை அடைவதும், கொய்த கொழுந்து பழுதுபடாமல் தொழிற்சாலை சேர்வதும், பிள்ளைகள் நகரப் பாடசாலைக்குச் செல்வதும் வீதியாலேயே இயல்கின்றன. அவ்வீதி ஒரு மழைக்காலத்துள் குழிவிழுந்து தாழுமாயின், கல்லையும் தாரையுமே பலரும் குறைகூறுவர். பல வேளைகளிற் குறை அவற்றின்கீழ் மறைந்துள்ள மண்ணிலேயே உள்ளது.

மண்ணென்பது மணிகளும் நீரும் காற்றும் சேர்ந்த கலவை. மண்ணை இறுக்குதலாவது, இடையிலுள்ள காற்றை வெளியேற்றி மணிகளை நெருக்குதலே. ஈரம் குறைந்த மண்ணில் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து நெருங்க மறுக்கும். அளவான நீர் அவை வழுக்கி அமைய உதவும். நீர் மிகுந்தாலோ, அது மணிகளுக்குரிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நீர் அழுத்தத்தாற் சுருங்காதாகையால், உருளையின் பாரத்தைத் தாங்கி மண்ணை அசையச் செய்யும். ரொட்டிக்கு மாப் பிசைபவர் இதனை நன்கறிவர்: நீர் குறைந்தால் மா உதிரும், கூடினால் கையில் ஒட்டும்.

இவ்வுண்மையை அளவைக்கு உட்படுத்தியவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிறொக்டர். மண்ணணைகள் கட்டிய அநுபவத்தைக் கொண்டு 1933ஆம் ஆண்டில் அவர் தம் முறையை வெளியிட்டார். இன்று வழங்கும் நியமப் பரிசோதனையில், ஓர் அச்சினுள் மண்ணை மூன்று படையாக இட்டு, 2.5 கிலோகிராம் சம்மட்டியை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரத்தினின்று விழச்செய்து, படையொன்றுக்கு 25 அடி கொடுப்பர். நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி இதனைத் திரும்பச் செய்தால், உலரடர்த்தி ஏறி, உச்சமடைந்து, பின் இறங்கும். அவ்வுச்சத்துக்குரிய ஈரமே உத்தம ஈரலிப்பு. மணற்பாங்கான மண்ணுக்கு அது ஏறத்தாழ நூற்றுக்கு 10. களிமண்ணுக்கு 20ஐ அண்டியும் இருக்கலாம். வேலைத்தளத்தில் உச்ச அடர்த்தியில் நூற்றுக்கு 95 பங்கேனும் பெறவேண்டுமென்பது பொதுவான விதி.

நம் பகுதியில் இஃது எளிதன்று. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், வட்டவளைப் பக்கங்களிற் பெருமழை பொழிகின்றது. மலைச்சரிவை ஒருபுறம் வெட்டி மறுபுறம் நிரப்பியே வீதி அமைவதால், நிரப்பிய பக்கம் இறுகாவிடின் அதுவே முதலில் தாழும். மழைநாளில் வெட்டியெடுத்த செம்மண்ணைப் பரப்பிப் புரட்டி உலர்த்தாமல் உருட்டுவதாற் பயனில்லை. வேண்டுமாயின் சுண்ணாம்பு கலந்தும் ஈரத்தைக் குறைக்கலாம். உலர்ந்த மண்ணோ நம்மை ஏமாற்றவல்லது. தைமாத வெயிலில் நீர் தெளியாது உருட்டிய தளம் பாறைபோற் தோன்றும். ஆயினும், உள்ளே எஞ்சிய காற்றிடங்களில் ஆனிமழை புகுந்ததும் இளகித் தாழும்.

ஆகவே, நிதியாண்டு முடியுமுன் பணத்தைச் செலவிட்டுவிட வேண்டுமென்று, ஐப்பசி கார்த்திகை மழையில் மண்வேலையை முடுக்குவது பணத்தை மழையில் கரைப்பதேயாகும். மண்வேலைக்குச் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலமே ஏற்றது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரையான மெல்லிய படைகளாக இட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து இறுக்குதலும், மேல்நீர் வடிய வடிகால் அமைத்தலும் இன்றியமையாதன.

ஈரத்தை அளப்பது பாடசாலை ஆய்வுகூடத்திலும் இயலும். 118 கிராம் ஈரமண்ணை 105 பாகை சதமவளவில் நன்குலர்த்த 100 கிராம் எஞ்சினால், ஈரலிப்பு நூற்றுக்கு 18 ஆகும். இவ்வளவே கணக்கு. தம் தோட்டத்து வீதி வேலையில் இக்கணக்கைக் கேட்டறியும் மாணவன், அவ்வீதியின் ஆயுளைக் காக்கத் துணைநின்றவனாவான்.