சொந்தப் பொறுப்பில் ஒரு கையெழுத்து

மாதேஸ்வர மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து ஊர். இங்கே மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த ஒரு பெரியவரை நல்ல ஐசியூவில் சேர்க்க ஹனூர், கொள்ளேகால் தாண்டி மைசூருக்கு ஓட வேண்டும். சில நாளில் கையிருப்பு கரைந்துவிடும். "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்பார் டாக்டர். சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக மகன் கையெழுத்துப் போடுவார். வழியிலேயே மூச்சு அடங்குவதும் உண்டு. கருணைக்கொலை பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கையெழுத்தை யாரும் பேசுவதில்லை.

சட்டம் விடும் வழி

ஊசி போட்டு உயிரைப் போக்குவது, நோயாளியே கெஞ்சினாலும், இந்தியாவில் குற்றம். மீள வழியில்லாதவருக்கு வென்டிலேட்டர் போன்றவற்றை நிறுத்துவதை மட்டும் 2018 மார்ச் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30 அன்று அதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. தாவணகெரேயின் ஓய்வுபெற்ற ஆசிரியை கரிபசம்மா பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய உரிமை அது.

சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஒப்ப வேண்டும். இரண்டாவது குழுவில் ஒருவரை மாவட்ட சுகாதார அதிகாரி நியமிப்பார். குடும்பத்தின் சம்மதமும் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவலும் தேவை. பெருநகர மருத்துவமனைக்கு இது எளிது. தாலுகா ஆஸ்பத்திரியில் இத்தனை நிபுணர்களுக்கு எங்கே போவது? அதனால்தான் அந்தப் பழைய கையெழுத்தே நடைமுறையாக நீடிக்கிறது.

யார் சொல்வது?

1973இல் தாக்கப்பட்டுச் சுயநினைவு இழந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக்கைச் சாக விடும்படி எழுத்தாளர் பிங்கி விரானி மனுப் போட்டார். கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் மறுத்தார்கள். பல்லாண்டுகளாகக் குளிப்பாட்டி ஊட்டியவர்கள் அவர்கள்தான். 2011இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அருணா 2015இல் நிமோனியாவில் இறந்தார். அன்போடு பார்த்துக்கொண்டவர்களுக்கே முடிவு சொல்லும் தகுதி அதிகம் என்ற அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் சொத்தும் கடனும் பேச்சில் நுழையும் வீட்டில் அன்பு எது, அவசரம் எது என்று டாக்டரால் பிரித்தறிய முடியாது. முதியவரைக் குடும்பமே சாகவைக்கும் விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தல் வழக்கம் காட்டுவதும் இதைத்தான்: அங்கே படுத்த படுக்கையான முதியவரிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

வலி முதலில்

"என்னைச் சாக விடுங்க" என்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது வலி தீர வேண்டும் என்பதைத்தான். மூச்சுத்திணறல், புண், மனச்சோர்வு, "பிள்ளைகளுக்குப் பாரமாகிட்டேன்" என்ற குற்றவுணர்வு, எல்லாவற்றுக்கும் வலிநிவாரணப் பராமரிப்பில் வழியுண்டு. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கப் போதைமருந்துச் சட்டமே 2014இல் திருத்தப்பட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: வலிக்கு என்ன மருந்து, ராத்திரி மூச்சு முட்டினால் யாருக்குப் போன் செய்வது? இதற்குப் பதில் தராமல் அனுப்புவது கைவிடுவதே.

முன்கூட்டியே எழுதிவைத்தால்

பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள எவரும் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும்; நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளிக்க வேண்டும். தமக்காக முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டோரின் பெயரைக் குறிப்பிடலாம். பெயர் குறித்தவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் பிரதி இருக்கட்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.