உயர்கல்வி நிருவாகம் எனும் தனித்துறை: கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி முதல்வர், பல்கலைக்கழகப் பதிவாளர் ஆகிய பொறுப்புகளுக்கு உரிய அறிவு, பாட அறிவிலிருந்து வேறானது. மேலைநாடுகளில் அது முதுநிலைப் பட்டமாகவும் முனைவர் பட்டமாகவும் பயிலப்படுகிறது. இந்தியாவில் அப்பொறுப்புகள் பெரும்பாலும் பணிமூப்பாலும் ஆய்வு வெளியீடுகளாலும் அடையப்படுகின்றன. இவ்விடைவெளியின் விளைவு முதல் தலைமுறை மாணவர் மிகுந்த கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் கூடுதலாக உணரப்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: உயர்கல்வி நிருவாகம், பதிவாளர், கல்லூரி முதல்வர், பல்கலைக்கழக இணைப்பு, கல்வராயன் மலை.

முன்னுரை

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரிலிருந்தோ, கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தோ ஒரு மாணவி கல்லூரிக்கு வருகிறாள் எனக் கொள்வோம். அவள் அங்கு முதலில் சந்திப்பது கல்லூரி அலுவலகத்தை. வகுப்பறைக்குச் செல்வது அதன் பின்னரே. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆகிய அனைத்தும் அலுவலகத்தின் வழியே நிகழ்வன. மலையாளிப் பழங்குடி மாணவிக்குரிய சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்க வேண்டும். அச்சான்று தாமதமானால் உதவித்தொகை தாமதமாகும். கட்டணம் செலுத்தும் நாள் அதற்காகக் காத்திராது. இவ்விடைவெளியை முன்னரே கணித்து ஒரு நடைமுறையை வகுப்பது நிருவாகப் பணியாகும். அவள் இரண்டாம் பருவத்திலும் படிப்பைத் தொடர்வாளா என்பது பல வேளைகளில் அதனைப் பொறுத்தே அமைகிறது.

துறையின் தோற்றம்

உயர்கல்வியை ஒரு பாடமாகப் பயிற்றும் மரபு அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு தொடங்கியது. கிளார்க் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்டான்லி ஹால் அப்பாடத்தை அறிமுகப்படுத்தினார். இன்று அங்கு இது இரண்டாண்டு முதுநிலைப் பட்டமாகவும் முனைவர் பட்டமாகவும் வழங்கப்படுகிறது. இளநிலை முடித்து மாணவர் சேர்க்கை அலுவலகத்திலோ விடுதி நிருவாகத்திலோ பணியில் சேர்பவர், பணியாற்றிக்கொண்டே இப்பட்டத்தைப் பயில்வது வழக்கம்.

அப்பாடத்திட்டத்தின் கூறுகளை ஐந்தாகத் தொகுக்கலாம். உயர்கல்வியின் வரலாறும் நோக்கமும் முதலாவது. பல்கலைக்கழகச் சட்டம், விதிகள், ஆட்சிக்குழு, கல்விப் பேரவை ஆகியவற்றின் அதிகார எல்லை இரண்டாவது. மானியம், கட்டணம், தணிக்கை, வரவு செலவுத் திட்டம் மூன்றாவது. சேர்க்கை முதல் பட்டமளிப்பு வரையிலான மாணவர் நலம் நான்காவது. புள்ளிவிவரங்களைத் திரட்டி முடிவெடுத்தல் ஐந்தாவது. இவற்றோடு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் களப்பயிற்சியும் இணைகிறது.

இந்திய நிலை

யுனெஸ்கோ உதவியுடன் 1962இல் புதுதில்லியில் ஆசிய மண்டல மையமாகத் தோன்றிய அமைப்பே இன்றைய தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனம். 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அங்கு இடமுண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மை மற்றும் நிருவாகத்தில் முதுநிலைப் பட்டயத்தையும், உயர்கல்வியில் தனியொரு பட்டயத்தையும் வழங்கி வந்துள்ளது. தேசியத் தகுதித் தேர்வில் கல்வியியல் பாடத்தின் ஓர் அலகாகக் கல்வி மேலாண்மையும் தலைமையும் இடம்பெற்றுள்ளன.

படிப்புகள் இருந்தும், பதவிக்கான தகுதிகளில் அவற்றுக்கு இடமில்லை. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி கல்லூரி முதல்வருக்கு முனைவர் பட்டம், 15 ஆண்டுப் பணி அனுபவம், 10 ஆய்வு வெளியீடுகள், 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவை வேண்டும். பதிவாளர் பதவிக்கு 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டமும், 15 ஆண்டுக் கற்பித்தல் அல்லது நிருவாக அனுபவமும் கோரப்படுகின்றன. ஆனால் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு கல்லூரியை அளக்கப் பயன்படுத்திய ஏழு அளவுகோல்களுள் ஆறாவது, ஆளுகையும் தலைமையும் மேலாண்மையும் ஆகும். பதவியேற்கும்போது கேட்கப்படாத ஒன்று, பின்னர் மதிப்பெண்ணாக அளக்கப்படுகிறது. 2019இல் தொடங்கிய கல்வியாளர் தலைமைப் பயிற்சித் திட்டம் இக்குறையை நோக்கியதே. எனினும் அதன் கால அளவு மூன்று வாரங்கள் மட்டுமே.

கள்ளக்குறிச்சி காட்டும் பாடம்

2019 நவம்பரில் உருவான இம்மாவட்டத்தின் கல்லூரிகள் வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021இல் விழுப்புரத்தில் புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அதனை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமும் நிறைவேறியது. இணைப்பு மாறுகையில் பாடத்திட்டம், தேர்வுக் கட்டணம், மதிப்பெண் பதிவு, நிலுவைத் தாள் ஆகியவற்றைப் பழைய மாணவர்க்கும் புதிய மாணவர்க்கும் தனித்தனியே கையாள வேண்டியிருக்கும். அதனைத் தாங்கும் பொறுப்பு சிறிய கல்லூரி அலுவலகங்களின் மீதே விழுகிறது.

இணைப்பு வழங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் கருதத்தக்கது. 1929இல் தோன்றிய அந்நிறுவனம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. 2013இல் அரசு நிருவாகி ஒருவரை அமர்த்தித் தனிச்சட்டத்தின் வழி அதனை ஏற்றது. மிகைப் பணியாளர் பலர் அரசுக் கல்லூரிகளுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டனர். பணியிட எண்ணிக்கை, ஊதியச் செலவு, வருவாய் ஆகிய மூன்றையும் ஒருங்கே கணித்தல் நிருவாகக் கல்வியின் தொடக்கப் பாடமாகும். புகழ்மிக்க பேராசிரியர்களைக் கொண்ட நிறுவனமும் அக்கணக்கிலிருந்து தப்ப இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மறுப்பும் மறுமொழியும்

கற்பித்தலை அறிந்தவரே கல்லூரியை நடத்த வேண்டும் என்ற கருத்து வலுவானது. நிருவாகப் பட்டம் மட்டுமே பெற்றவர் கல்லூரியை வணிக நிறுவனமாகக் கருதிவிடக்கூடும் என்ற அச்சமும் நியாயமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தை 1942 முதல் 1969 வரை வழிநடத்திய ஆ. இலட்சுமணசாமி முதலியார் மருத்துவப் பேராசிரியரே. எனினும் 27 ஆண்டுகள் பதவியில் இருந்து கற்கும் வாய்ப்பு இன்றைய முதல்வர்க்கு வாய்ப்பதில்லை. பணிமூப்பால் பதவி பெறுபவர் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார்; கற்றது பயன்தரும் முன்னரே பொறுப்பு கைமாறுகிறது. ஆகவே ஆசிரியப் பணியின் இடைக்காலத்திலேயே ஓராண்டு முதுநிலைப் பட்டயம் பயில்வதும், அதற்குப் பதவி உயர்வில் உரிய மதிப்பளிப்பதும் பொருத்தமான வழியாகும்.

முடிவுரை

2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் அது 28.4. சேர்க்கையில் தமிழகம் முன்னிலை பெற்றுள்ளது. சேர்ந்தவரைப் பட்டம் வரை கொண்டுசெல்வது அடுத்த கட்டமாகும். அதற்குப் பாடம் நடத்துவோரைப் போலவே அலுவலகத்தை நடத்துவோரும் முறையாகக் கற்றிருத்தல் வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பட்டம் பெறும் ஒருவர், பின்னாளில் தம் மாவட்டக் கல்லூரியின் நிருவாகத்தையும் ஒரு துறையாகக் கற்றுப் பொறுப்பேற்பாராயின், சான்று தாமதமாகும் மாணவியின் நிலை அவருக்கு விளக்கமின்றியே புரியும்.