பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாயிற்று, பெரியவர்களுக்கு?

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு இன்று பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், அந்த வகுப்போடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தால், ஆபத்தை அடையாளம் காணும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டோம் என்று பொருள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோரில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. சோறு போடும் சித்தப்பாவைப் பற்றியோ, டியூஷன் எடுப்பவரைப் பற்றியோ பிள்ளை தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது என்ன நியாயம்? கவனிக்க வேண்டியவர்கள் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், மருத்துவர், காவலர். இவர்களுக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தோமா?

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராதவருக்கு 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. குழந்தைகளோடு பழகும் பணியாளர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்கின்றன 2020-இல் வந்த விதிகள். ஆனால், பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒருநாள் கூட்டம்தான். திரையில் பிரிவு எண்கள் ஓடும். வருகைப் பதிவில் கையெழுத்து, மாலையில் சான்றிதழ். தண்டனையை மட்டும் கேட்டு மிரண்டுபோனவர் கடைசியில் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: கண்ணில் படாத மாதிரி இருந்துவிட்டால் வம்பில்லை.

பாலியல் குற்றமோ அடி உதையோ, உண்மையில் கற்றுத்தர வேண்டியவை கையில் பிடித்துக் காட்டக்கூடியவை. ஓடியாடும் பிள்ளைக்கு முட்டியிலும் கணைக்காலிலும் கன்றிப்போவது சகஜம். காது மடல், கழுத்து, வயிறு, முதுகு கன்றியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் விசாரிக்க வேண்டும். சுடுதண்ணீர் தவறிக் கொட்டினால் புண் தாறுமாறாகச் சிதறியிருக்கும்; பிடித்து அமிழ்த்திய காலில் சாக்ஸ் போட்டதுபோல ஒரே கோட்டில் நிற்கும். 1962-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப் 'அடிபட்ட குழந்தை' பற்றிக் கட்டுரை வெளியிட்ட பிறகே பிள்ளைகள் வதைபடுவதை மருத்துவ உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது. முறிந்த எலும்புகள் அதற்கு முன்பும் எக்ஸ்ரேயில் தெரிந்துகொண்டுதான் இருந்தன. சந்தேகிக்கப் பழகிய கண்கள்தான் குறைவு. காதுக்கும் இதே பழக்கம் வேண்டும். பிள்ளை பேச வாயெடுத்தால் 'மாமாவா செஞ்சாரு?' என்று நாமே பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'அப்புறம் என்ன ஆச்சு?' போதும். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்யவும் கூடாது.

இதையெல்லாம்விடக் கவலை தருவது, பயிற்சிகளில் பேச்சளவில்கூட இடம் பிடிக்காத புறக்கணிப்பு. பாலியல் குற்றம் செய்தியாகிறது. மாதக்கணக்கில் சீழ் வடியும் காதோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை செய்தியாவதில்லை. பிள்ளையை வேண்டுமென்றே புறக்கணித்து வதைபட விடுவதும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் குற்றம்தான். 'வறுமையைக் குற்றமாக்குகிறீர்களா?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, அதனால்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன். கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாத தாய்க்குத் தேவை உதவி. வசதி இருந்தும் பிள்ளையை நாள்கணக்கில் பட்டினி போட்டு அறைக்குள் பூட்டுபவர் கதை வேறு. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். அல்லது இரண்டுமே தெரியாது.

பொய்ப் புகார் பெருகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தகவல் தருவது தீர்ப்பு எழுதுவது அல்ல. விசாரிப்பது காவல் துறையின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குப் போக்சோ சட்டமே பாதுகாப்புத் தருகிறது. வேலைப்பளுவைக் காட்டித் தட்டிக்கழிப்பதும் எடுபடாது. பிள்ளையைத் தினமும் பார்ப்பவரைத் தவிர வேறு யாரால் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும்? காயங்களின் படங்களை வைத்தும், பிள்ளையிடம் பேசுவதை நடித்துப் பார்த்தும் ஆண்டுதோறும் பயிற்சி நடக்கட்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி எப்போது நடந்தது என்று கேளுங்கள்.