படத்தொகுப்பியின் முகப்புப் படம்

நிழற்படங்களைத் திருத்தவும் படம் வரையவும் கணினியிலே பயன்படும் செயலிகளுள் ஒன்று ஜிம்ப். அதைத் திறந்ததும், தூரிகை முதலிய கருவிகள் ஆயத்தமாகும் வரையில், திரையின் நடுவே ஒரு படம் சில நொடிகள் தோன்றி மறையும். நாடகம் தொடங்குமுன் தொங்கும் முன்திரை போன்றது அது. அதற்குப் பதிலாக நாம் விரும்பும் படத்தை வைக்கலாமா என்று புதுக்கோட்டை மாணவர் சிலர் என்னை வினவினர். தாராளமாக வைக்கலாம். ஆனால் எங்கே வைப்பது என்பதிலேதான் நுட்பம் இருக்கிறது.

1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர் தொடங்கிய ஆக்கம் இது. ஆம், மாணவர்களே! மூல நிரல் யாவருக்கும் திறந்தே கிடக்கின்றமையால், நம் கணினியில் அதை மாற்றிக்கொள்ள எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை.

செயலியோடு வந்த முகப்புப் படம் கணினியின் பொதுக் கோப்புறையில் உள்ளது. அதன்மேல் கை வைப்பது தகாது. நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்பது ஒருபுறம். அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் நம் படமே தோன்றும் என்பது மறுபுறம். மேலும், அடுத்த புதுப்பிப்பு வந்ததும் நாம் வைத்த படம் அழிந்துபோகும்.

ஆதலின் நம் சொந்த இல்லக் கோப்புறைக்குச் செல்க. அங்கே புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' என்னும் கோப்புறை மறைந்திருக்கும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் வெளிப்படும். அதனுள் 'ஜிம்ப்', அதனுள் உங்கள் பதிப்பின் எண்ணாகிய 2.10 அல்லது 3.0. அதற்குள்ளே 'ஸ்பிளாஷஸ்' என்ற கோப்புறை இல்லையாயின் நீங்களே உண்டாக்குக. பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளாலேயே எழுத வேண்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. பலர் இடறுவது இங்கேதான். பின்பு உங்கள் பி.என்.ஜி. அல்லது ஜேபெக் படத்தை அதிலே இட்டு, ஜிம்பை மூடித் திறந்தால் போதும். பள்ளிக் கணினியில் எல்லாரும் ஒரே பயனர் பெயரால் நுழைவதாயின், இல்லக் கோப்புறையும் பொதுவே அன்றோ? அங்கே ஆசிரியரைக் கேட்டே செய்க.

எந்தப் படத்தை வைப்பது? சித்தன்னவாசலின் தாமரைக் குளத்து ஓவியம் பலர் மனத்தில் எழக்கூடும். அழகில் அதற்கு ஈடில்லை. எனினும், எந்தக் கருவி ஏற்றப்படுகிறது என்னும் சிறு எழுத்துகள் படத்தின் அடிப்பகுதியிலே தோன்றுகின்றன. அப்பகுதியின் ஒளியை அளந்து, கறுப்பா வெள்ளையா என்று ஜிம்பே எழுத்தின் நிறத்தைத் தேர்கிறது. இலையும் மலரும் மீனும் நெருங்கிய இடத்திலே எந்த நிறமும் எடுபடாது. நீங்களே எடுத்த திருமயம் கோட்டைப் படத்தில், கீழே வெறும் பாறை மட்டும் அமையுமாறு வெட்டிக்கொண்டால் எழுத்து தெளிவாகத் தெரியும். பிறர் எடுத்த படமாயின், அவர் இசைவைப் பெறுக; செயலிக்குத் தந்த உரிமை படத்துக்கும் பொருந்தாது.

ஒரு படத்தோடு நிறுத்த வேண்டும் என்பதுமில்லை. பல படங்களை இட்டுவைத்தால், திறக்குந்தோறும் அவற்றுள் ஒன்றை ஜிம்ப் தானே எடுத்துக் காட்டும். பழைய முகப்பே வேண்டுமாயின் அக்கோப்புறையிலிருந்து உங்கள் படங்களை நீக்கிவிடுக. அது தானாகவே திரும்ப வரும்.