சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது?

வகுப்பில் ஒரு பேனாவோ பத்து ரூபாயோ காணாமற்போனால், விசாரணை ஆரம்பமாவதற்கு முன்பே உபாத்தியாயரின் கண் எந்தப் பிள்ளையின்மேல் போய் நிற்கிறது என்பதைக் கொண்டு, அந்த ஊரின் மனோபாவத்தை அறிந்துகொள்ளலாம். செஞ்சி, அனந்தபுரம், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் அந்தக் கண் இருளர் என்னும் பழங்குடியார் வீட்டுக் குழந்தையைத் தேடுவதற்கு நீண்ட பூர்வகதை உண்டு.

சில ஜாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளென முத்திரையிட்ட 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை ராஜதானிக்கும் விஸ்தரிக்கப்பட்டு, 1952-ல் தேசமெங்கும் நீக்கப்பட்டது. ஆனால் துப்புத் துலங்காத களவு வழக்குகளில் இருளரைப் பிடித்துப்போய்ப் பொய் வழக்குப் போடும் அக்கிரமம் நிற்கவில்லை. அதை எதிர்த்தே திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். காவல் நிலையத்தின் சந்தேகம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத வேதனை.

பெற்றோருடன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்ச் சில மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர். வேறொரு வீட்டுப் பையன் செய்தால் குறும்பாகும் காரியம், இவன் செய்தால் "புத்தி அப்படித்தான்" என்றாகிறது. எல்லோர் முன்னிலையிலும் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லி, ஒன்றும் அகப்படாமல், சிதறிய புத்தகங்களைத் தானே பொறுக்கி அடுக்கிக்கொள்ளும் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அவன் மறுநாள் வராவிட்டால், 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறுவர்கள் விளையாடும் படக்காட்சியைக் காட்டி, யார் குறும்பு செய்யப்போகிறார் என்று கவனிக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டார்கள். குறும்பே இல்லாத அந்தக் காட்சியில், அவர்கள் கண்கள் கறுப்பினச் சிறுவனையே அதிகம் நாடியதைக் கருவிகள் பதிவுசெய்தன.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும், பள்ளிகளில் ஜாதியை ஒழிக்கும் வழிகளை 2024-ல் அரசுக்குச் சமர்ப்பித்திருக்கிறது. அந்த வழிகள் அமலாகும் வரை காத்திராமல், ஆசிரியப் பெருமக்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: அடுத்த முறை ஏதேனும் காணாமற்போகும்போது, சாட்சியமின்றி ஒரு குழந்தையின் பையைத் தனித்துச் சோதிக்காதீர்கள், ஏற்கெனவே சோதித்திருந்தால், அதே வகுப்பின் முன் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள்.